மேலே என்றால், எதன் மேலே?

ஆம்பூருக்குப் போய் வந்தேன். ஆம்பூர் என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு நாக்கில் நீர் ஊறும் என்று எனக்குத் தெரியும். சீரகச் சம்பா பிரியாணி, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய், வெங்காயப் பச்சடி... பொறுங்கள், அது கடைசியில் வரும். இந்த வாரம் நான் எழுத வந்திருப்பது இங்கிலீஷ் இலக்கணம். ஐயையோ, பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள்! தொடர்கதை எங்கும் ஓடிப் போய்விடாது.

என் பெரியம்மா பெண் ஆம்பூரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் படியேறியபோது, "வாடி, வா" என்று வாய் சொன்னதே தவிர, அவள் கண் கையிலிருந்த போனை விட்டு நகரவில்லை. அக்கா அங்கே ஒரு செருப்புத் தொழிற்சாலையில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். தையல் மெஷினில் உட்கார்ந்து ஆரம்பித்தவள். மூன்று வாரத்துக்கு முன்புதான் சாம்பிள் தயாரிக்கிற பகுதிக்குச் சூப்பர்வைசராக ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றிய சந்தோஷம் முகத்தில் துளிக்கூட இல்லை.

"என்னக்கா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன கேடு? இதைப் படி" என்று போனை நீட்டினாள்.

இங்கிலாந்திலிருந்து ஆர்டர் கொடுக்கிறவர் எழுதியது. நாலே நாலு சொல்: 'ஸ்டிச் ஆன் தி பாட்ச்.'

சமாசாரம் இதுதான். பெண்கள் போடுகிற பூட்ஸ். அதன் கணுக்கால் பக்கத்தில் பழைய எட்டணாக் காசு அளவுக்கு வட்டமாக ஒரு தோல் துண்டு, அதுதான் பாட்ச். கூட வந்த படத்தில் ஒரு வட்டமும் சில புள்ளிகளும் இருக்கின்றன. தொழிற்சாலையில் அன்று இரண்டு கட்சி. 'பாட்சை வைத்து, சுற்றி ஓரத்தில் தைத்துச் சேர்க்கச் சொல்கிறார்' என்பது ஒரு கட்சி. 'சேர்ப்பதற்குப் பசை போதும். பாட்சின் மேலே அலங்காரத் தையல் போடச் சொல்கிறார்' என்பது மற்றொரு கட்சி. பேட்டர்ன் மாஸ்டர் இரண்டாவது கட்சி. அவர் முப்பது வருஷ அனுபவக்காரர். அக்காவோ மூன்று வார அதிகாரி.

ஆறு ஜோடி சாம்பிள். சனிக்கிழமை தைத்தாக வேண்டும். திங்கட்கிழமை கொரியரில் போக வேண்டும். தப்பாகத் தைத்துவிட்டால் பிரித்துத் தைக்கலாமே என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன். "துணியிலே பிரிச்சா இஸ்திரி போட்டு மறைச்சுடலாம். தோல்லே ஊசி போன ஓட்டை போனதுதான்டி" என்றாள் அக்கா. பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "தோல் போனாக்கூடப் பரவாயில்லை. தமிழ் மீடியத்திலே படிச்சவளைக் கொண்டுபோய் அங்கே உட்கார வெச்சா இப்படித்தான்னு சொல்லுவாங்க" என்றாள்.

ஆம்பூரில் ஒரு தையற்காரிக்கு இங்கிலீஷ் எதற்கு என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்களெல்லாம் தோலுக்குப் பேர் போனவை. (பழைய வட ஆற்காடு ஜில்லா பிறகு வேலூர் மாவட்டமாயிற்று, 2019-ல் அதையும் மூன்றாகப் பிரித்ததில் ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டம்.) ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோலை அந்தக் காலத்தில் பாதிப் பதத்திலேயே கப்பலேற்றி விடுவார்கள். சீமைக்குக் கடிதம் எழுதுவது மண்டிக்காரரும் சென்னைப் பெரியமேட்டு குமாஸ்தாவும் செய்கிற காரியம். 1970-களில் அரசாங்கம் பாதிப் பதத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுக்கப் பதனிட்ட தோலுக்கும் செருப்புக்கும் ஊக்கம் கொடுத்தது. செருப்புத் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றின் மெஷின்களுக்கு முன்னால் பெரும்பாலும் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். குமாஸ்தாவின் மேஜைக்கு வந்துகொண்டிருந்த இங்கிலீஷ், அக்காவின் கைக்கு வந்து சேர்ந்த கதை இதுதான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எட்டாவது படிக்கிற அவள் பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து மேஜையில் விழுந்தாள். பத்து வாக்கியம், ஒவ்வொன்றிலும் கோடிட்ட சொல் அட்வெர்ப்பா ப்ரெபொசிஷனா என்று எழுத வேண்டும். அதாவது வினையடையா, முன்னிடைச் சொல்லா? பத்தில் நாலு தப்பு.

"சித்தி, ஒரே 'அப்'தான். மூணாவது கேள்வியிலே அட்வெர்ப்ங்கறாங்க, ஏழாவதிலே ப்ரெபொசிஷன்ங்கறாங்க. மிஸ்ஸுக்கே தெரியலை போலிருக்கு!"

மிஸ்ஸுக்குத் தெரியும். ஆனால் அம்மாவும் பெண்ணும் ஒரே முள்ளில் சிக்கிக்கொண்டு தனித்தனியாகத் தவிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. நோட்டை இழுத்து வைத்துக்கொண்டேன்.

"'உள்ளே வா' என்கிறோம். 'பெட்டிக்கு உள்ளே பார்' என்கிறோம். இரண்டிலும் 'உள்ளே' ஒன்றுதானா?"

"ஒண்ணுதான்" என்றாள் பெண். பிறகு, "இல்லை... ரெண்டாவதிலே பெட்டின்னு ஒண்ணு இருக்கு" என்றாள்.

அவ்வளவுதான் விஷயம்! 'பெட்டிக்கு உள்ளே' என்பதில் 'உள்ளே' பெட்டியோடு சேர்ந்து நிற்கிறது. 'உள்ளே வா' என்பதில் அதற்கு யார் துணையும் வேண்டியதில்லை. ப்ரெபொசிஷன் என்பவள் துணையில்லாமல் வாசற்படி தாண்டாத பெரியம்மா. பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல் கட்டாயம் வேண்டும். அட்வெர்ப் தானே பஸ் ஏறிப் போய்த் தானே திரும்பி வருகிற பெண். 'கம் இன்' என்றால் 'இன்' அட்வெர்ப். 'இன் தி பாக்ஸ்' என்றால் அதே 'இன்' ப்ரெபொசிஷன். பெயர் சொல்லில் எழுதியிருக்கவில்லை. அந்த இடத்தில் அது பார்க்கிற வேலையில் இருக்கிறது. 'மேலே' என்று ஒரு சொல் வந்தால் 'எதன் மேலே?' என்று கேளுங்கள். அந்த வாக்கியத்திலேயே பதில் இருந்தால் ப்ரெபொசிஷன், இல்லாவிட்டால் அட்வெர்ப்.

உண்மையில் நம் வீட்டுப் பெண்களுக்கு இங்கிலீஷ் அட்வெர்ப்புகள் தண்ணீர் பட்ட பாடு. 'விளக்கை ஆஃப் பண்ணு', 'மோட்டாரை ஆன் பண்ணு', 'ரெண்டாவது பந்திலேயே அவுட்', 'மனசு டவுனா இருக்கு', 'அவள் பண்ணுவது ரொம்ப ஓவர்.' எல்லாம் துணையில்லாமல் நிற்கிற சொற்கள். அதனால்தான் தமிழுக்குள் சுலபமாக ஏறிக்கொண்டன. 'உடைய' என்ற பொருளில் வருகிற 'ஆவ்', 'அட்', 'ஃப்ரம்' இவற்றையெல்லாம் யாராவது தமிழில் கலந்து பேசிக் கேட்டிருக்கிறீர்களா? துணைக்கு வருகிற பெயர்ச்சொல்லுக்கு நம்மிடம் 'இல்', 'இருந்து', 'உடைய' என்று உருபுகள் இருக்கும்போது அவற்றுக்கு இங்கே என்ன வேலை? தப்பிப் பிழைத்து வந்தது எனக்குத் தெரிந்து 'வித்அவுட்' ஒன்றுதான். அதுவும் 'டிக்கெட்' என்ற துணையை ரயிலடியிலேயே தொலைத்துவிட்டு, 'வித்அவுட்டில் வந்து மாட்டிக்கொண்டான்' என்று தனி ஆசாமியாகிவிட்டது.

இதுவரை சுலபம். அக்காவைக் கவிழ்த்த இடம் இனிமேல்தான் வருகிறது.

தமிழில் பெயர்ச்சொல் தன் நெற்றியில் திலகம் இட்டுக்கொண்டு வருகிறது. 'செருப்பை' என்றால் அது வினைக்குச் சொந்தம். 'நாற்காலியிலிருந்து' என்றால் வேறு உறவு. இங்கிலீஷில் இந்த அடையாளம் கிடையாது. பெயர்ச்சொல் மொட்டையாக வந்து நிற்கும். ஆகையால் ஒரு சொல்லுக்குப் பின்னால் பெயர்ச்சொல் நிற்கிறது என்பதற்காக அது அந்தச் சொல்லுக்குத்தான் துணை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அது வினைச்சொல்லின் ஆளாக இருக்கலாம்!

'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்' என்றால் செருப்பைக் கழற்று. 'ஷி ஃபெல் ஆஃப் தி சேர்' என்றால் நாற்காலியிலிருந்து விழுந்தாள். இரண்டிலும் 'ஆஃப்' வருகிறது. இரண்டிலும் பின்னால் ஒரு பெயர். ஆனால் முதலாவதில் செருப்பு, கழற்றுவதற்குச் சொந்தம். 'ஆஃப்' அங்கே அட்வெர்ப். இரண்டாவதில் நாற்காலி, 'ஆஃப்' என்பதற்குத்தான் சொந்தம்; அது ப்ரெபொசிஷன்.

தமிழாக்கிப் பார்த்து, 'ஐ' உருபு வந்தால் அட்வெர்ப் என்று வைத்துக்கொள்ளலாமா என்று புத்திசாலிப் பெண் ஒருத்தி கேட்பாள். (எங்கள் வீட்டுப் பெண் கேட்டாள்.) முக்கால்வாசி சரிப்படும், கால்வாசியில் காலை வாரிவிடும். 'லுக் ஆஃப்டர் ஹெர்' என்றால் 'அவளைப் பார்த்துக்கொள்'. தமிழில் 'ஐ' வருகிறது. ஆனாலும் 'ஆஃப்டர்' ப்ரெபொசிஷன்தான்.

நம்பகமான சோதனை வேறு ஒன்று இருக்கிறது. பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'இட்' என்று போடுங்கள். எந்த இடத்தில் அது உட்காருகிறது என்று பாருங்கள். அட்வெர்ப் என்றால் 'இட்' நடுவில் புகுந்தே தீரும்: 'டேக் இட் ஆஃப்'. 'டேக் ஆஃப் இட்' என்று எந்த இங்கிலீஷ்காரரும் சொல்ல மாட்டார். ப்ரெபொசிஷன் என்றால் யாரையும் நடுவில் விடவே விடாது: 'ஃபெல் ஆஃப் இட்', 'லுக் ஆஃப்டர் ஹெர்'. மாமியாரைப் பார்த்துக்கொள்ளலாம், மாமியாரை நடுவில் நுழைத்து 'லுக் ஹெர் ஆஃப்டர்' என்று மட்டும் சொல்லவே கூடாது.

பெண்ணின் மூன்றாவது, ஏழாவது கேள்விகள் இப்போது தாமாகவே அவிழ்ந்தன. 'ஷி ரான் அப் தி ஸ்டேர்ஸ்' - மாடிப்படியில் ஓடி ஏறினாள். 'ஷி ரான் அப் எ பில்' - கடையில் பாக்கியை ஏற்றிக்கொண்டாள். படிக்கு 'ரான் அப் தெம்'. பில்லுக்கு 'ரான் இட் அப்'. அக்காவுக்கு அவள் தொழிலிலேயே ஓர் உதாரணம் சொன்னேன். 'ஷி லுக்ட் ஓவர் தி வால்' என்றால் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். 'ஷி லுக்ட் ஓவர் தி லெதர்' என்றால் தோலைக் கீறல், சுருக்கம் இருக்கிறதா என்று மேலும் கீழும் பரிசோதித்தாள்: 'லுக்ட் இட் ஓவர்'.

இன்னொரு தப்பு கொஞ்சம் வேறு மாதிரி. 'வாட் ஆர் யூ லுக்கிங் அட்?' என்பதில் 'அட்' கடைசியில் தனியாக நிற்கிறதே, அட்வெர்ப் என்று எழுதியிருந்தாள். துணை இல்லாமல் இல்லை. 'வாட்' என்பதுதான் துணை. கேள்வியாகிவிட்டதால் முன்னால் ஓடி உட்கார்ந்திருக்கிறது. இப்படி ப்ரெபொசிஷனைக் கடைசியில் அம்போ என்று விட்டுவிடலாமா என்று 1672-லேயே டிரைடன் என்ற இங்கிலீஷ் கவி முகம் சுளித்தார். அவர் சுளித்ததற்காக யாரும் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

பேச்சில் மற்றொரு சௌகரியமும் உண்டு. அட்வெர்ப்பை அழுத்திச் சொல்வார்கள். ப்ரெபொசிஷனை மெல்ல விழுங்கிவிடுவார்கள். இதில் ஒரு ரசமான சரித்திரம் இருக்கிறது. கழற்றுவதற்கு வருகிற 'ஆஃப்', 'உடைய' என்ற பொருளில் வருகிற 'ஆவ்' இரண்டும் பழைய இங்கிலீஷில் ஒரே சொல். அழுத்திச் சொன்னது ஒரு பக்கமும் விழுங்கிச் சொன்னது இன்னொரு பக்கமும் போய், 17-ஆம் நூற்றாண்டுக்குள் எழுத்திலும் பாகம் பிரித்துக்கொண்டு தனிக் குடித்தனம் போய்விட்டன. மற்ற சொற்கள் இன்னும் கூட்டுக் குடும்பம்தான். அதனால்தான் இத்தனை குழப்பம்!

ஆனால் மெயிலில் அழுத்தம் ஏது? 'ஸ்டிச் ஆன் தி பாட்ச்' என்பதை அந்த மனிதர் வாயால் சொல்லியிருந்தால் காதே காட்டிக் கொடுத்திருக்கும். எழுத்தில் இரண்டு அர்த்தமும் சரி. 'ஆன்' அட்வெர்ப் என்றால் பாட்சைத் தைத்துச் சேர். ப்ரெபொசிஷன் என்றால் பாட்சின் மேல் தை. "அக்கா, உன் பேரிலும் தப்பில்லை, பேட்டர்ன் மாஸ்டர் பேரிலும் தப்பில்லை. எழுதினவர்தான் நாலு சொல்லோடு நிறுத்திவிட்டார்" என்றேன்.

"அப்போ அவரையே கேட்டா என்ன நினைப்பாரு? இது கூடத் தெரியாதான்னு..."

"எப்படிக் கேட்கிறாய் என்பதைப் பொறுத்தது."

போனை வாங்கிக்கொண்டு அக்காவே தட்டினாள். நான் எழுத்துக் கூட்டினேன், அவ்வளவுதான். 'ஷுட் வி ஸ்டிச் இட் ஆன், ஆர் ஸ்டிச் ஆன் இட்?' - தைத்துச் சேர்ப்பதா, அதன் மேல் தைப்பதா? அனுப்பும்போது மணி ஏழு. அங்கே அப்போது மத்தியானம்தான்.

பதில் வரும் வரை பெண்ணுக்குப் பொறுமையில்லை. "இதையெல்லாம் யார் சித்தி கண்டுபிடிச்சாங்க?" என்றாள். நான் படித்தது ரென் அண்ட் மார்ட்டின் புத்தகத்தில். அதில் ஒரே சொல் இரண்டு வேலையும் பார்ப்பதைப் பற்றித் தனியாகவே சொல்லியிருக்கிறது. அந்த ரென் என்பவர் இந்தியாவில் கல்வி இலாகாவில் இருந்தவர். 'போ ஜெஸ்ட்' என்ற நாவல் எழுதி 1924-ல் அமர்க்களப்படுத்தியவரும் அவரே, சினிமாவாகக்கூட வந்தது. இலக்கணம் எழுதிய கை, கதையும் எழுதியிருக்கிறது என்றதும் நோட்டின் மேல் பெண்ணுக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

பண்டிதர்களுக்குள்ளேயே இதில் வழக்கு உண்டு என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை, பரீட்சை முடியட்டும். உங்களிடம் சொல்லலாம். டென்மார்க்கைச் சேர்ந்த யெஸ்பர்ஸன் என்பவர் 1924-லேயே, இந்தப் பிரிவினை வீண் வேலை என்றார். 'சாப்பிட்டாள்' என்றாலும் வினைதான், 'தோசை சாப்பிட்டாள்' என்றாலும் வினைதான். துணை இருக்கிறது, இல்லை என்பதற்காக வினைக்கு இரண்டு பேர் வைக்கிறோமா? பிறகு 'இன்'னுக்கு மட்டும் ஏன் இரண்டு பேர் என்பது கேள்வி. 2002-ல் ஹடில்ஸ்டனும் புல்லமும் கொண்டுவந்த பெரிய கேம்பிரிட்ஜ் இலக்கணம் இதை ஏற்றுக்கொண்டு, 'கம் இன்' என்பதில் வருகிற 'இன்'னையும் துணையில்லாத ப்ரெபொசிஷன் என்றே சொல்கிறது. எனக்கு அவர்கள் வாதம் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் நம் பள்ளிக்கூடங்களில் மார்க்குப் போடுவது பழைய கணக்குப்படிதான். தவிர, பெயரை எப்படி வைத்தாலும் அக்காவின் பாட்ச் விஷயம் மாறாது. ஒட்டிக்கொண்டிருக்கிற பெயர்ச்சொல் யாருடைய ஆள் என்று பார்த்தே தீர வேண்டும்.

அக்கா இதற்குள் தன் பழைய மெயில்களைப் புரட்டிக் காட்ட ஆரம்பித்துவிட்டாள். 'வி வில் டிஸ்கஸ் அபௌட்...', 'ப்ளீஸ் ரிட்டர்ன் பேக்...', 'கோப் அப் வித்...' எல்லாம் நம் நாட்டுச் சரக்கு! 'டிஸ்கஸ்' என்றாலே எதையோ பற்றிப் பேசுவதுதான். 'அபௌட்' என்ற ப்ரெபொசிஷன் அதற்கு வேண்டாம். 'ரிட்டர்ன்' என்பதில் திரும்புவது இருக்கிறது. 'பேக்' என்ற அட்வெர்ப் வீண். 'கோப் அப் வித்' என்பதில் 'வித்' இருக்கட்டும், 'அப்' போகட்டும். இவையெல்லாம் மன்னிக்கத் தகுந்தவை, அர்த்தம் கெடவில்லை. ஆனால் 'ஐ பாஸ்ட் அவுட் இன் 2006' என்று ஒன்று இருந்தது பாருங்கள்! அக்கா பிளஸ் டூ தேறிய வருஷம். இங்கிலாந்தில் ராணுவக் கல்லூரியிலிருந்து வெளிவருகிறவர்களைத் தவிர, மற்றவர்கள் 'பாஸ் அவுட்' ஆனால் முகத்தில் தண்ணீர் தெளித்துத்தான் எழுப்புவார்கள்.

"ஐயோ, மயக்கம் போட்டு விழுந்தேன்னா எழுதியிருக்கேன்?" என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தாள்.

மணி எட்டரை. அக்கா வீட்டுக்காரர் பிரியாணிப் பொட்டலங்களோடு உள்ளே நுழைந்தார். வாழையிலையைப் பிரித்தபோதுதான் போன் 'டிங்' என்றது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ஒரு தடவை படித்தாள். உதட்டை அசைத்து இன்னொரு தடவை படித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

'ஸ்டிச் இட் ஆன், ப்ளீஸ். ஐ ஷுட் ஹாவ் ஸெட் ஸோ.'

தைத்துச் சேருங்கள், நான் அப்படியே சொல்லியிருக்க வேண்டும் என்கிறார். அக்கா உடனே பேட்டர்ன் மாஸ்டருக்குப் போன் போட்டாள். "அண்ணே, ஓரத்திலே சுத்தித் தைக்கணுமாம். அவரே எழுதியிருக்காரு... ஆமாண்ணே, நான்தான் கேட்டேன்... இங்கிலீஷிலேதான்" என்றாள். கடைசிச் சொல்லைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னாள்.

பெண் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, கடைசியிலே 'ஸோ'ன்னு ஒண்ணு இருக்கே, அது அட்வெர்ப்பா?"

"பிரியாணி ஆறிப் போகிறது, உட்கார்" என்றேன்.